வால்வு ஆற்றல் பெருக்கியும் தமிழ்நாட்டு அமெச்சூர் வானொலியும்

அமெச்சூர் வானொலி என்பது, அரசின் உரிமம் பெற்ற தனிநபர்கள் வணிக நோக்கமின்றித் தாமே நிலையம் அமைத்து, வானலைகள் வழியே ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்ளும் சேவையாகும். இதில் ஈடுபடுவோர் உலகெங்கும் ஹாம்கள் என்று அழைக்கப்படுகின்றனர். ஹாம் நிலையத்தின் அலைபரப்பி உருவாக்கும் சிறு மின்திறனைப் பெரிதாக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பும் கருவியே ஆற்றல் பெருக்கி. 1920கள் முதல் 1980கள் வரை இந்தப் பெருக்கிகளின் உயிர்நாடியாக இருந்தது வெற்றிடக் குழல். பேச்சு வழக்கில் இதை வால்வு என்பர்.

இந்தியாவில், குறிப்பாகப் பெருநகரங்களுக்கு வெளியே, எந்தப் பெருக்கியைக் கட்டுவது என்பதைப் பெரும்பாலும் கிடைத்த உதிரிப் பாகங்களே முடிவு செய்தன. புதிய பாகம் அரிதாக இருந்ததால், கட்டும் திறமையைவிடப் பழுது கண்டு சரிசெய்யும் திறமைக்கே அதிக மதிப்பு இருந்தது. சென்னைக்குத் தெற்கே திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் செல்லும் நிலப்பகுதியின் சூழலோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகப் புரியும்.

வால்வு வேலை செய்யும் விதம்

1904-இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதில் மூன்றாவதாக ஒரு மின்வாயைச் சேர்த்தார். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் சூடாக்கப்படும் கதோடு எலக்ட்ரான்களை வெளியிடும். உயர்ந்த நேர்மின்னழுத்தம் தரப்பட்ட பிளேட் அவற்றை ஈர்க்கும். இரண்டுக்கும் இடையே உள்ள கம்பி வலையான கிரிட்டின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு மாற்றினாலே பிளேட் மின்னோட்டம் பெருமளவு மாறும். மடைக்கதவைச் சற்றுத் திறந்தால் ஏரி நீர் பாய்வது போல, சிறு குறிப்பலை பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பெருக்கம் என்பது இதுதான்.

வெளியே செல்லும் கூடுதல் திறன் முழுவதும் மின்வழங்கியிலிருந்தே வருகிறது. அதில் ஒரு பகுதி வானலையாகாமல் பிளேட்டில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதே ஒரு வால்வின் தகுதியை நிர்ணயிக்கும் முதல் அளவு.

சென்னையில் தொடக்கம்

இந்தியாவின் முதல் அமெச்சூர் உரிமதாரராக அறியப்படுபவர் அமரேந்திர சந்திர குப்து. 1921-இல் இவர் 2 ஜே.கே. என்ற அழைப்புக்குறியோடு செயல்பட்டார். தென்னிந்தியாவில் 1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலி மன்றம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் அலைபரப்பியைக் கொண்டு இம்மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் அலைபரப்பிக்கு மாறியது.

நிதி நெருக்கடியால் 1927 அக்டோபரில் மன்றம் தன் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் அலைபரப்பி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டின் வானொலி வரலாறு இவ்வாறு ஆர்வலர்களின் மன்றத்தில்தான் தொடங்கியது. 40 வாட்டிலிருந்து 200 வாட்டுக்கு அந்த மன்றம் எடுத்துவைத்த அடி, பின்னாளில் ஒவ்வொரு ஹாமும் எடுத்துவைக்க விரும்பிய அடியே.

தடையும் போர்க்காலமும்

1929 முதல் இந்திய நிலையங்களின் அழைப்புக்குறிகள் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கின. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அமெச்சூர் ஒலிபரப்பு முழுவதும் தடை செய்யப்பட்டு, அலைபரப்பிகளை ஒப்படைக்குமாறு உத்தரவு பிறந்தது.

அரசின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை 1942 காட்டியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் வானொலி என்ற தலைமறைவு நிலையத்தை நடத்தினர். அதன் அலைபரப்பியை அமைப்பதில் நரிமன் பிரின்டர் என்ற ஹாமின் தொழில்நுட்ப அறிவு உதவியது. அந்நிலையம் ஒலிபரப்பிய 42.34 மீட்டர் அலைநீளம் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் ஆகும். ஹாம்கள் நன்கறிந்த 40 மீட்டர் அலைவரிசைக்குள் அது வருகிறது. 1942 நவம்பரில் காவல்துறை நிலையத்தைக் கைப்பற்றியது.

போருக்குப் பின் 1946-இல் மீண்டும் உரிமங்கள் வழங்கப்பட்டன. 1948 மே 15 அன்று மாவ் நகரில் உள்ள இராணுவத் தகவல்தொடர்புப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றியது. 1954-இல் அதன் தலைமையிடம் புதுதில்லிக்கு மாறி, இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயர் பெற்றது.

டிஸ்போசல் சரக்கும் 807 வால்வும்

போர் முடிந்தபோது நேச நாட்டுப் படைகள் இந்தியாவில் விட்டுச்சென்ற தளவாடங்கள் ஏலத்துக்கு வந்தன. மக்கள் இவற்றை டிஸ்போசல் சரக்கு என்றனர். விமான, டாங்கி வானொலிக் கருவிகளும், அவற்றிலிருந்து கழற்றிய வால்வுகளும் மின்மாற்றிகளும் மின்தேக்கிகளும் பழைய பொருள் சந்தைகளில் எடைக்கு விற்கப்பட்டன. சென்னையில் 1985-இல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட் பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடமாக இருந்தது. பிற்காலத்தில் மின்னணுப் பாகங்களுக்கு ரிச்சி தெரு மையமாயிற்று.

இச்சரக்கில் ஹாம்களுக்கு மிகவும் பயன்பட்டது 807 என்ற வால்வு. 1936-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 6எல்6 என்ற ஒலி வால்வின் வழிவந்தது இது. பிளேட் இணைப்பு குழலின் உச்சியில் தனியே அமைந்திருப்பதால் உயர் அதிர்வெண்ணில் நன்றாக வேலை செய்யும். 6.3 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர், இடைவிட்ட பயன்பாட்டில் 750 வோல்ட் வரை பிளேட் மின்னழுத்தம், 30 வாட் வரை பிளேட் வெப்பம், 60 மெகாஹெர்ட்ஸ் வரை முழுத் திறன் ஆகியவை இதன் சிறப்புகள். 12.6 வோல்ட் ஹீட்டர் கொண்ட இதன் உடன்பிறப்பான 1625 என்ற வால்வு, அமெரிக்க விமானக் கருவிகளிலிருந்து கிடைத்தது. மேலும் பெரிய பெருக்கி விரும்பியோர் 100 வாட் வெப்பம் தாங்கும் 813 வால்வை நாடினர். அதற்கு 2,000 வோல்ட் மின்வழங்கி தேவைப்பட்டது.

இரண்டு 807 வால்வுகளின் கணக்கு

1978-ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் நிலை உரிமதாரருக்கு 150 வாட், உயர்நிலை உரிமதாரருக்கு 400 வாட் என உச்சவரம்பு இருந்தது. இணையாகப் பொருத்திய இரண்டு 807 வால்வுகள் இந்த முதல் வரம்புக்கு அளந்து வைத்தாற்போல் பொருந்தின. தந்திக்குறிப்புப் பயன்பாட்டில் ஒவ்வொன்றும் 750 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் எடுக்கும். மொத்த உள்ளீடு 150 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 100 வாட், வானலையாக வெளியேறும். மீதி 50 வாட் இரு பிளேட்டுகளிலும் வெப்பமாகும். அவை தாங்கக்கூடியது 60 வாட். எனவே சிறு தவறுகளுக்கும் இடம் இருந்தது.

இந்நிலையில் வால்வுகள் எதிர்பார்க்கும் சுமை ஏறத்தாழ 1,900 ஓம். ஆண்டெனாவின் மின்தடையோ 50 அல்லது 75 ஓம். இவ்விரண்டையும் இணைக்க, ஒரு கம்பிச்சுருளும் அதன் இருபுறமும் இரு மாறு மின்தேக்கிகளும் கொண்ட பை வடிவச் சுற்று பயன்பட்டது. இங்குதான் ஒரு சிக்கன வழி கிடைத்தது. 75 ஓம் சுமையில் 100 வாட் என்பது 87 வோல்ட் மட்டுமே. ஆகவே ஆண்டெனாப் பக்கத்து மின்தேக்கியாக, பழுதான வீட்டு வானொலியிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரையே போட முடிந்தது. பிளேட் பக்கத்தில் அதையே போட்டால் தகடுகளுக்கிடையே பொறி தாவும். அங்கு இடைவெளி அகலமான மின்தேக்கி வேண்டும். அது டிஸ்போசல் சரக்கில்தான் கிடைத்தது.

பேச்சை அனுப்ப, பிளேட் மின்னழுத்தத்தையே குரலுக்கேற்ப ஏற்றி இறக்கும் பண்பேற்ற முறை அக்காலத்தில் வழக்கிலிருந்தது. இதற்குப் பெருக்கியின் உள்ளீட்டில் பாதியளவு ஒலித்திறன் வேண்டும். அதாவது 60, 70 வாட் தரும் ஒலிபெருக்கி ஒன்று தனியே தேவை. கோயில் திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டவர்கள், டூரிங் டாக்கீஸ் கருவிகளைப் பழுது பார்த்தவர்கள், ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்கள் ஆகியோருக்கு இத்தகைய வால்வுச் சுற்றுகள் அன்றாட வேலை. சிற்றூர்களில் வானொலி நிலையம் கட்ட நினைத்தவருக்குத் தேவையான அறிவில் ஒரு பாதி இக்கடைகளில் ஏற்கெனவே இருந்தது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் சூழல்

சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 120 கி.மீ., விழுப்புரம் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் உள்ளன. 1993-இல் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விழுப்புரம் முதன்மையான இரயில் சந்திப்பு. அங்கிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பாதை 1879-இல் திறக்கப்பட்டது.

இவ்வட்டாரத்துக்கு வானொலி உலகில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. விழுப்புரத்திலிருந்து 40 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எத்தனை நாடுகளோடு தொடர்பு கொண்டனர் என்று ஹாம்கள் கணக்கு வைக்கும் உலகப் பட்டியலில், பிரெஞ்சு இந்தியா எப்.என்.8 என்ற முன்னொட்டோடு தனி நாடாகவே இடம்பெற்றது. 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகளே அதில் செல்லும். அதன்பின் அது நீக்கப்பட்ட நாடுகளின் பட்டியலுக்குச் சென்றது. வில்லியனூரில் இருந்த நிலையமும் விழுப்புரத்தில் இருந்த நிலையமும் இரு வேறு நாடுகளாக எண்ணப்பட்ட காலம் அது.

சென்னையோடு பேசுவதற்கு இங்கே பெருந்திறன் தேவையில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்னிந்தியாவின் மேலே உள்ள அயனி மண்டலம் பகலில் அடர்த்தியாக இருக்கும். ஏறத்தாழ செங்குத்தாக மேலே செல்லும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைக்கூட அது திருப்பி அனுப்பும். எனவே 20, 30 வாட்டிலேயே 40 மீட்டர் அலைவரிசையில் பகல் நேரத்தில் சென்னையையும் மதுரையையும் எட்ட முடியும். பெருக்கி தேவைப்படுவது தொலைதூர நாடுகளுக்கும், கோடை இடி மழைக் காலத்தில் வாங்கியில் நிறையும் இரைச்சலை மீறுவதற்கும்தான்.

அப்போதும் அது தரும் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. 100 வாட்டை 400 வாட்டாக்கினால் கிடைக்கும் ஆதாயம் 6 டெசிபெல். கேட்பவரின் அளவுமானியில் அது ஒரே ஒரு படி உயர்வுதான். ஆண்டெனாவை உயர்த்திக் கட்டினால் பல நேரங்களில் அதே ஆதாயம் செலவின்றிக் கிடைக்கும். உயரத்தால் வரும் ஆதாயம் வாங்குவதிலும் கிடைக்கும். பெருக்கியால் வருவது அனுப்புவதில் மட்டுமே.

வட்டாரத்தின் காற்றும் மின்சாரமும் பெருக்கிக்கு உகந்தவை அல்ல. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. கடற்காற்றில் வரும் ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து காப்புப் பொருள்களின் மேல் படியும்போது, உயர் மின்னழுத்தம் அப்படலத்தின் வழியே கசியும். மழைக்காலத்தில் பல நாள் பயன்படுத்தாத மின்மாற்றியை நேரடியாக முழு மின்னழுத்தத்தில் இயக்கினால் சுருள் எரியும் ஆபத்து உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் சிறிது நேரம் சூடாக்கி, ஈரத்தைப் போக்கிய பிறகே ஏற்றுவது வழக்கம்.

பாசன மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமப்புற மின்னழுத்தம் வெகுவாகக் குறையும். 230 வோல்ட் 180 ஆகிவிட்டால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 4.9 வோல்ட்தான் கிடைக்கும். 750 வோல்ட் வழங்கி 590-க்கு அருகில் இறங்கும். பிளேட் மின்னழுத்தத்தின் இழப்பை மட்டும் கணக்கிட்டாலே திறன் ஏறத்தாழ 61 விழுக்காடாகும். கதோடு போதிய சூடு பெறாததால் உண்மையில் இன்னும் குறையும். வால்வு கெட்டுவிட்டது என்று கழற்றி எறியும் முன் சுவரில் உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும் என்பது இத்தகைய ஊர்களில் பழுது காணுதலின் முதல் பாடம்.

பழுது காணும் முறை

வால்வு பெருக்கியின் குறைகளில் பல கண்ணுக்குத் தெரியும். டிரான்சிஸ்டர் எரியும்போது வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் போகலாம். வால்வோ நிறத்தால் பேசும்.

பிளேட் செந்நிறமாக ஒளிர்ந்தால் அது தாங்கும் அளவைவிட அதிக வெப்பம் பெறுகிறது என்று பொருள். பெரும்பாலும் வெளியீட்டுச் சுற்று ஒத்ததிர்வில் இல்லாததே இதற்குக் காரணம். பிளேட் மின்னோட்டமானியைப் பார்த்தபடி மின்தேக்கியைத் திருப்பினால், ஓரிடத்தில் முள் சட்டென்று கீழே இறங்கும். அதுவே ஒத்ததிர்வுப் புள்ளி. அந்தப் பள்ளம் தெரியாவிட்டால் சுருளின் சுற்று எண்ணிக்கையோ மின்தேக்கியின் அளவோ தவறாக இருக்கும். 807-ஐவிடப் பெரிய சில வால்வுகளின் பிளேட் இயல்பாகவே சற்றுச் சிவக்கும் என்பதால், அந்தந்த வால்வின் இயல்பை அறிந்திருக்க வேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல் தெரியும் நீல ஒளி குற்றமற்றது. எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் அது உண்டாகிறது. மின்வாய்களுக்கு இடையே ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூட்டமாகத் தெரிந்தால் குழலுக்குள் வாயு புகுந்துவிட்டது. அந்த வால்வுக்கு மருந்தில்லை. கண்ணாடியில் வெள்ளிபோல் மின்னும் கெட்டர் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் வெற்றிடமே போய்விட்டது. பழைய பொருள் கடையில் வால்வு வாங்குவோர் முதலில் பார்ப்பது இந்தப் பூச்சைத்தான்.

கண்ணுக்கு எளிதில் அகப்படாத குறை தானியங்கு அலைவு. பெருக்கி தானே ஒரு அலைபரப்பியாக மாறி, தொடர்பில்லாத அதிர்வெண்ணில் அலையைக் கக்கும். உள்ளே குறிப்பலை ஏதும் செலுத்தாமல் மின்தேக்கிகளைத் திருப்பும்போது பிளேட் மின்னோட்டம் துள்ளினால் இக்குறை உண்டு என அறியலாம். 807 இதற்குப் பேர்போனது. அதன் திறமையே அதன் குறையும் ஆயிற்று. பிளேட் கம்பியில் 50 முதல் 100 ஓம் வரையிலான கார்பன் மின்தடை ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் சில சுற்றுக் கம்பியைச் சுற்றுவதும், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே உலோகத் தடுப்பு வைப்பதும், எல்லாத் தரை இணைப்புகளையும் குட்டையான கம்பியால் ஒரே புள்ளியில் சேர்ப்பதும் தீர்வுகள்.

கிரிட்டுக்குத் தேவையான எதிர்மின்னழுத்தம் இல்லாமற்போவதும் கொடிய குறை. சில சுற்றுகளில் இம்மின்னழுத்தம் குறிப்பலையாலேயே உருவாகிறது. முந்தைய நிலை நின்றுபோனால் கிரிட்டின் கட்டுப்பாடு போய், பிளேட் மின்னோட்டம் கட்டற்று ஏறும். இதைத் தடுக்கக் கதோடில் ஒரு மின்தடை சேர்ப்பர். அதேபோல், பிளேட் மின்னழுத்தம் மட்டும் அற்றுப்போய் திரைக்கிரிட் மின்னழுத்தம் நீடித்தால், எலக்ட்ரான்கள் அனைத்தும் திரைக்கிரிட்டில் பாய்ந்து அது உருகிவிடும். ஆகவே பழுது பார்ப்பவர் பிளேட் இணைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சோதிக்கக் கூடாது.

சோதனையின்போது ஆண்டெனாவுக்குப் பதில் சாதாரண 100 வாட் மின்விளக்கை இணைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. விளக்கு எரியும் பிரகாசமே வெளியீட்டின் அளவு. விளக்கின் மின்தடை சூட்டுக்கேற்ப மாறுவதால் அது துல்லியமான கருவி ஆகாது. ஆயினும் அண்டை நிலையங்களைத் தொந்தரவு செய்யாமல் பெருக்கி வேலை செய்கிறதா என்று அறிய அது போதுமானதாக இருந்தது.

உயர் மின்னழுத்தத்தின் ஆபத்து

டிரான்சிஸ்டர் சுற்றில் தவறினால் பாகம் போகும். வால்வு பெருக்கியில் தவறினால் உயிர் போகும். மின்சாரத்தை அணைத்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. 2,000 வோல்ட் மின்வழங்கியில் உள்ள 32 மைக்ரோ பாரட் மின்தேக்கி 64 ஜூல் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். தொடுபவரின் இதயத்தை நிறுத்த அது போதும்.

இதற்காக மின்தேக்கிக்கு இணையாக நிரந்தரமாக ஒரு வடிகால் மின்தடை வைக்கப்படுகிறது. 1 இலட்சம் ஓம் மின்தடை வைத்தால், 16 வினாடிகளில் மின்னழுத்தம் 2,000-லிருந்து 15 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். இயங்கும் நேரமெல்லாம் அந்த மின்தடை 40 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். பணத்தைக் குறைக்கச் சிறிய மின்தடை போட்டால் அது ஒருநாள் ஓசையின்றி அறுந்துவிடும். அன்றும் அது வேலை செய்வதாகவே நம்பிக் கைவைப்பவர் அகப்பட்டுக்கொள்வார். எனவே மின்தடையை நம்பாமல், நீண்ட மரக்கோலின் நுனியில் தரையோடு இணைத்த கொக்கி ஒன்றை மாட்டி, உயர் மின்னழுத்தப் புள்ளியைத் தொட்ட பின்னரே கைவைப்பது விதி. ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கமும் இதனால் வந்ததே. இரு கைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்தால் அது இதயத்தைக் கடந்து செல்லும்.

உள்நாட்டு உற்பத்தியும் இறக்குமதியும்

1954-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961-இல் வானொலி வாங்கிகளுக்கான வால்வுகளையும், 1967-இல் அலைபரப்பு வால்வுகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் உள்நாட்டு வால்வுகள் பழுது பார்ப்போருக்குப் பெரும் துணையாயின.

1960களில் ஒற்றைப் பக்கப்பட்டை எனும் பேச்சு முறை உலகெங்கும் பரவியது. அதற்கு, குறிப்பலையின் வடிவத்தைச் சிதைக்காத நேர்கோட்டுப் பெருக்கி தேவை. தந்திக்குறிப்புக்குப் பொருந்திய பழைய அமைப்பு இதற்கு ஆகாது. அமெரிக்காவில் 811ஏ, 572பி, 3-500இசட் போன்ற வால்வுகள் கொண்ட ஆயத்தப் பெருக்கிகள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் பெரும்பாலோர் பழைய 807, 813 வால்வுகளையே புதிய முறைக்கேற்ப மாற்றிக் கட்டினர்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் புதிய சிக்கல் பிறந்தது. இந்தியத் தொலைக்காட்சியின் முதல் பட்டை 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்திருந்தது. 14 மெகாஹெர்ட்ஸின் நான்காம் மடங்கான 56-உம், 21 மெகாஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கான 63-உம் அப்பட்டைக்குள் விழுந்தன. சரியாகக் கவசமிடாத பெருக்கி, அண்டை வீட்டுத் திரையில் கோடுகளாகத் தோன்றியது. உலோகப் பெட்டியும் வடிகட்டியும் அதன்பின் தவிர்க்க முடியாதவை ஆயின.

1980களின் நடுப்பகுதியில் அமெச்சூர் கருவிகளுக்கு வரிச்சலுகை கிடைத்தது. அப்போதைய பிரதமர் இராஜீவ் காந்தியும் வி.யு.2ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி கொண்ட ஹாம். ஜப்பானிய டிரான்சிஸ்டர் கருவிகள் வரத் தொடங்க, 100 வாட் வெளியீடு ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கியது.

புயல் காலமும் பெருக்கியின் எல்லையும்

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது, பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த குழு, அந்தமானுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தது. அமெச்சூர் வானொலியின் பொதுப்பயனுக்கு இந்நிகழ்வு நாடறிந்த சான்றாயிற்று.

விழுப்புரம் கடலோரமும் இத்தகைய பேரிடர்களுக்கு உட்பட்டதே. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது.

இத்தகைய நாளில் வால்வு பெருக்கியின் எல்லை வெளிப்படுகிறது. 750 அல்லது 2,000 வோல்ட் வேண்டுமென்றால் மின்வாரியத்தின் மின்சாரமோ ஜெனரேட்டரோ வேண்டும். 12 வோல்ட் கார் மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் கருவிக்கு அது தேவையில்லை. சென்னைக்கோ திருச்சிக்கோ செய்தி அனுப்ப 7 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சிறு திறனே பகலில் போதுமானது. பெருக்கி தொலைதூரத் தொடர்பின் கருவி. இடர்க்காலத்தில் அதன் உரிமையாளருக்குக் கைகொடுப்பது, அதைக் கட்டிப் பழகியதால் வந்த பழுது காணும் அறிவே.

இன்றைய நிலை

இன்று 50 வோல்ட்டில் இயங்கும் ஒற்றை டிரான்சிஸ்டரே 1,000 வாட்டுக்கு மேல் தரக்கூடியது. ஹீட்டர் சூடாகக் காத்திருக்க வேண்டியதில்லை, உயிர்க்கொல்லி மின்னழுத்தமும் இல்லை. ஆனால் ஆண்டெனா கம்பி அறுந்தாலோ தவறான அலைவரிசைக்கு மாற்றினாலோ, பாதுகாப்புச் சுற்று விழிக்கும் முன்பே அது எரிந்துபோகலாம். வால்வு சில வினாடிகள் சிவந்து எச்சரித்த பின்னரே கெடும். இந்தப் பொறுமையே புதிதாகக் கற்பவருக்கு அதை நல்ல ஆசானாக்கியது.

கையால் கட்டும் மரபு இந்தியாவில் அறுந்துவிடவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எளிய டிரான்சிஸ்டர் கருவி, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் மலிவான பாகங்களைக் கொண்டே கட்டக்கூடியது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதைக் கட்டினர். டிஸ்போசல் சரக்கிலிருந்து 807-ஐத் தேடியெடுத்த தலைமுறையின் அணுகுமுறையே அதிலும் தொடர்கிறது.

பழைய வால்வு பெருக்கிகள் இன்றும் பலரிடம் உள்ளன. பல ஆண்டுகள் கிடந்த பெருக்கியை நேரே மின்சாரத்தில் மாட்டுவது தவறு. மின்பகு மின்தேக்கிகள் வறண்டிருக்கும், வடிகால் மின்தடை அறுந்திருக்கலாம், கம்பிகளின் ரப்பர் உறை பொடிந்திருக்கும். முதலில் வடிகால் மின்தடையை அளந்து, மின்தேக்கிகளைச் சோதித்து, வால்வுகளைக் கழற்றிவிட்டு மின்வழங்கியை மட்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும். பிறகு ஹீட்டரை மட்டும் சில மணிநேரம் எரியவிட்டு, கடைசியாகவே உயர் மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். இம்முறையை அறிந்த தலைமுறைக்கு வயதாகிவருகிறது. கருவிகள் எஞ்சியிருந்தாலும், அவற்றை உயிராபத்தின்றி மீண்டும் இயக்கும் அறிவு எழுத்தில் பதிவாகாவிட்டால் அவை காட்சிப்பொருள்களாகவே நிற்கும்.